சத்தம் கேட்டால் கருவாடு

எழுபதுகளின் நடுவில் ஈப்போ டவுனிலிருந்து ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அந்த வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, ஒரு நாய். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டது நாய் மட்டும்தான். அது யாரைப் பார்த்தாலும் வாலாட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாத்தனாரைக் கட்டியவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், போனவன்தான். அன்றிலிருந்து அவர் தம்பியோடு இருந்தார். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயமே, அவர் வாய்க்குப் பயப்படும். நான் வடித்த சோற்றைத் தட்டில் கிளறிப் பார்த்துவிட்டு, "ஈப்போவுல இதத்தான் சோறுன்னு சொல்வாங்களா?" என்பார். வீட்டைக் கூட்டினால் கூட்டிய இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டவுன்காரி"தான். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஆனால் பதிலுக்குப் பதில் பேச அந்த வீட்டில் கொஞ்ச காலம் பழக வேண்டியிருந்தது.

தோட்டத்தில் அவருக்குக் காட்டோரத்து நிரை. மற்றப் பெண்கள் யாரும் அந்த வரிசை மரங்களில் பால் வெட்டப் போக மாட்டார்கள். பன்றி வரும், பாம்பு கிடக்கும், பால் எடுக்கும் நேரம் கூப்பிட்டால் கேட்க ஒரு மனுஷர் பக்கத்தில் இருக்க மாட்டார். நாத்தனார் அந்த நாயை முன்னால் விட்டுப் பின்னால் போவார். நாய் நின்றால் அவரும் நிற்பார். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "இது இல்லாட்டி நான் அந்த நெரையில கால வைக்க மாட்டேன். வேலைய விட்டுட்டு வீட்டுல ஒக்காந்து உன் கையால சோறு வாங்கித் திங்கணும். அதுக்குச் செத்துறலாம்."

பன்றிக்குப் பயப்படாத அந்த நாய் வெடிச்சத்தத்துக்கு மட்டும் மூத்திரம் போகும். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். நான் வருவதற்கு முந்தைய தீபாவளியில், அது குட்டியாக இருந்தபோது, அவரும் அவர் கூட்டாளிகளும் கள்ளுக்கடையிலிருந்து வந்த சந்தோஷத்தில் அதன் வாலில் பட்டாசுச் சரத்தைக் கட்டிக் கொளுத்திவிட்டார்கள். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து லயமே வாசலுக்கு வந்து சிரித்ததாம். வால் நுனி கருகி விழுந்துவிட்டது. இதை என்னிடம் முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார். புதுப்பெண்டாட்டிக்குச் சொல்ல அவரிடம் இருந்த வேடிக்கைக் கதை அது.

அந்த நாளிலிருந்து நாத்தனார் தம்பியோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சட்டி. தம்பி எதிரில் நின்றுகொண்டே என்னிடம், "உன் புருஷன்கிட்ட சொல்லு, சீனி முடிஞ்சிருச்சு" என்பார். அவரும் என்னிடமே, "வாங்கிட்டு வாரேன்னு சொல்லு" என்பார். இரண்டு பேர் காதிலும் விழுந்ததை நான் ஒருமுறைகூடத் திருப்பிச் சொன்னதில்லை.

நான் பார்த்த முதல் தீபாவளியிலும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் மூங்கிலில் கார்பைட் போட்டு வெடித்த முதல் சத்தத்திலேயே ஆளைக் காணோம். பண்டிகைப் பலகாரத்தைத் தொடாமல் நாத்தனார் தேடிக்கொண்டு அலைந்தார். கடைசியில் செம்பனைக் காட்டு வாய்க்கால் குழாய்க்குள்ளிருந்து இழுத்து வந்தார். அது அவர் கையைக் கடித்திருந்தது. "பயத்துல கடிச்சது கடியாகாது" என்று சொல்லி அதற்கு மஞ்சள் வைத்துக்கொண்டார். என் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடினால் ஒரு வாரம் பேசுகிற மனுஷி!

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் கங்காணி ஆனார். ஒரு தொப்பியும் ஒரு கம்பும் வந்ததும் ஆளே மாறிப்போனார். கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரி செய்யவே காலையில் தனி நேரம் வேண்டியிருந்தது. தீபாவளி நெருங்கும்போது ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. பண்டிகைச் சத்தத்தில் நாய்கள் மிரண்டு ஓடி ஆட்களைக் கடிப்பதால், அந்த வாரம் கட்டாமல் திரியும் நாய் எதுவானாலும் சுடப்படும். பன்றி சுடுவதற்குத் தோட்டத்தில் துப்பாக்கிக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் சுடுவார்.

அதைப் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னவர் என் வீட்டுக்காரர். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி பக்கத்தில் நின்று, "போன வருசம் மொதல்ல ஓடுனது உன் வீட்டு நாய்தானே?" என்று கேட்டதும் கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "இந்த வருசம் எங்க வீட்டு நாய் கட்டிப்போட்ட எடத்த விட்டு அசையாது. அசைஞ்சா நானே சுடச் சொல்றேன்" என்றார். நானும் நாத்தனாரும் வாளியோடு வரிசையில் நின்றோம். நாத்தனார் எச்சிலைத் துப்பினார்.

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பித்தது.

பஞ்சை எண்ணெயில் நனைத்துக் காதில் வைப்பதை நாத்தனார் முன்பே செய்து பார்த்திருந்தார். நாய் தலையை உதறினால் பஞ்சு பறந்தது. கோயில் பூசாரியிடம் தாயத்துக் கேட்டு, அவர் நாய்க்கெல்லாம் மந்திரிக்க மாட்டேன் என்றதும் அவரையும் திட்டிவிட்டு வந்திருந்தார். இப்போது தானே ஒரு வழி கண்டுபிடித்தார். நாய்க்கு உயிர் கருவாட்டுத் தலை. இனி எந்தச் சத்தமும் இல்லாமல் கருவாடு இல்லை, சத்தம் கேட்டால் கருவாடு உண்டு. அவ்வளவுதான் பாடம்.

சத்தம் போடுவது என் வேலை. முதலில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கரண்டியால் மெதுவாகத் தட்டினேன், அதுவும் அடுப்படிக் கதவை மூடிக்கொண்டு. நாத்தனார் முன்னறையில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டங் என்றதும், "என் ராசா, ஒண்ணுமில்லடா, ஒக்காரு" என்பார். உட்கார்ந்தால் கருவாடு. அந்தக் குரல் அவருக்குள் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். நான் கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டால் அடுத்த நொடி பழைய குரல் கதவைத் தாண்டி வரும்: "கையா அது, ஒலக்கையா? மெதுவா தட்டு லா, டவுன்காரி!"

மங்குக்குப் பிறகு வாளி. வாளிக்குப் பிறகு மண்ணெண்ணெய் டின். பிறகு காகிதப் பையை ஊதி உடைத்தேன். ஒவ்வொன்றையும் தூரத்தில் ஆரம்பித்து, நாய் வாலை இறக்காமல் இருந்தால் மட்டும் ஒரு எட்டு பக்கத்தில் வர வேண்டும். அது நடுங்கினால் அன்றைக்குப் பாடம் முடிந்தது, நாளைக்குத் திரும்ப மங்கு. நாத்தனார் சலித்துக்கொண்டதே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பொறுமையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் அந்த வீட்டில் மகாராணியாக இருந்திருப்பேன். ஒரு நாள் சொல்லியும்விட்டேன். "எனக்கும் ஒரு கருவாட்டுத் தலை குடுங்கக்கா, நானும் ஒழுங்கா சோறாக்குறேன்." அவர் என்னை முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்து, "ரெண்டு பைத்தியம் சேர்ந்து ஒரு நாய்க்கு வாத்தியார் வேல பாக்குதுங்க. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பட்டுமா?" என்று கேட்டார். நாத்தனார் என்னைப் பார்த்து, "உன் புருஷன்கிட்ட சொல்லு, அங்க மொதக் கட்டில் அவருக்குத்தான் போட்டு வச்சிருக்காங்களாம்" என்றார்.

கடைசிப் பாடமாகப் பட்டாசு வந்தது. கீரைப் பாத்திக்கு அப்பால் நான் ஒற்றை வெடியைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாய் எழுந்தது, காதை மடக்கியது, உடம்பு ஒரு தடவை உதறியது. பிறகு தானாகவே உட்கார்ந்து நாத்தனாரின் கையைப் பார்த்து வாயைத் திறந்தது. நான் கத்தியே விட்டேன். எனக்குக் கண்ணீர் வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. ஒரு நாய்க்காக யாராவது அழுவார்களா என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தீபாவளி விடியலில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். நாத்தனார் கிண்ணத்தில் மீந்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு நாயிடம் போனார். "நாய்க்கு எண்ணெயாக்கா?" என்றேன். "இந்த வூட்டுல நல்ல நாள் அதுக்கு இல்லாம யாருக்கு?" என்று சொல்லி, தலையிலிருந்து வால் நுனிவரை அரக்கித் தேய்த்தார். கண் எரியும் என்று சீயக்காய் போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினார். கழுத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த ரப்பர் வாரைப் பழையபடி மாட்டி வாசல் கம்பத்தில் கட்டினார். லயம் முழுக்க வெடித்தது. மூங்கில் பீரங்கி கூரையை அதிரவைத்தது. நாய் எண்ணெய் பளபளக்க உட்கார்ந்து கருவாடு தின்றுகொண்டிருந்தது. நாத்தனார் வேண்டுமென்றே அதை வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். கிராணி சைக்கிளில் போகும்போது நின்று பார்த்தார். என் வீட்டுக்காரர் தொப்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சொன்னேன்ல? நான் பழக்குன நாய்" என்றார். நாத்தனார் அதையும் கேட்டுக்கொண்டு நாயின் வாயில் அடுத்த கருவாட்டைப் போட்டார். அன்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளும் லீவு. வெயில் ஏறிய நேரம் துப்பாக்கிக்காரர் வந்தார். கள்ளுக்கடைப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத கிழட்டு நாய் ஒன்று திரிந்தது. அதைச் சுட்டார்.

சத்தம் கேட்டதும் எங்கள் நாய் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தது. வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன், நாத்தனார் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கருவாடு வரவில்லை. அது என்னைப் பார்த்தது. பிறகு சத்தம் வந்த திசையைப் பார்த்தது. மங்கோ டின்னோ பட்டாசோ, எங்கே சத்தம் கேட்டாலும் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அங்கே கருவாடு உண்டு. கழுத்தைப் பின்னால் இழுத்தது. எண்ணெய் ஊறிய கழுத்திலிருந்து அந்த ரப்பர் வார் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நான் பின்னால் ஓடினேன். புடவை தடுக்கியது. கள்ளுக்கடை முன்னால் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள், கிராணி இருந்தார், என் வீட்டுக்காரரும் தொப்பியோடு இருந்தார். செத்த நாயைத் தாண்டி எங்கள் நாய் நேராகத் துப்பாக்கிக்காரரிடம் போனது. அவர் எதிரில் உட்கார்ந்தது. மொட்டை வாலால் மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் கையைப் பார்த்து வாயைத் திறந்தது.

துப்பாக்கிக்காரர் தயங்கினார். "கங்காணி அண்ணே, இது ஒங்க வீட்டு நாய் மாதிரி இருக்கே லா?"

கிராணி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். நான், "எங்க நாய்! எங்க நாய்!" என்று கத்திக்கொண்டே வருகிறேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் குரல் அவருக்குக் கேட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாயின் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "எங்க வீட்டு நாய் வீட்டுல கட்டிக் கெடக்கு. இது வேற."

அவ்வளவு பக்கத்திலிருந்து சுட்டால் நாய் கத்தக்கூடக் கத்தாது.

நாத்தனார் வந்தார். அவர் ஓடி வரவில்லை. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டதும், பழக்கத்தில், உறியிலிருந்து ஒரு கருவாட்டுத் தலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். வெறும் வாரைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெயும் ரத்தமும் அவர் கையெல்லாம் ஒட்டியது.  நான்தான் வாயைத் திறந்தேன். கிராணிக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "உசுரோட இதே எடத்துலதான் ஒக்காந்திருந்துச்சுக்கா. 'எங்க வீட்டு நாய் கட்டிக் கெடக்கு, இது வேற'ன்னு சொன்னாரு ஒங்க தம்பி."

நாத்தனார் எழுந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார். கருவாட்டுத் தலையை அவரிடம் நீட்டினார்.

"சத்தம் கேட்டுச்சுல்ல? இந்தா, நீ தின்னு."

அவர் வாங்கவில்லை. நாத்தனார் அதை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து நாயைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் காட்டோரத்து நிரைக்குப் போகவில்லை. வேலையை விட்டார், வீட்டில் உட்கார்ந்து என் கையால் சோறு வாங்கித் தின்றார். சோற்றைக் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார். குறை சொல்ல மாட்டாரா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு.

ஆனால் அடுத்த தீபாவளிக் காலையில், முதல் பட்டாசு வெடித்ததும் எழுந்து போய், தம்பியின் இலையில் இட்லிக்கும் ஆட்டுக்கறிக்கும் பக்கத்தில் ஒரு கருவாட்டுத் தலையை வைத்தார். அதற்கடுத்த வருஷமும் வைத்தார். எண்பதுகளில் தோட்டம் கைமாறி நாங்கள் சிம்பாங் பூலாய் பக்கம் குடிவந்த பிறகும் வைத்தார். என் வீட்டுக்காரர் அதைத் தொடாமல் மற்றதைத் தின்றுவிட்டு எழுந்துபோவார். ஒரே ஒரு முறை, ஆள் இல்லாதபோது, "நீயாவது அத எடுத்துரேன்" என்று என்னிடம் கெஞ்சினார். அவர் கெஞ்சி என் காதில் விழுந்தது அது ஒன்றுதான், நான் எடுக்கவில்லை.

நாத்தனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இலை போடுவது நான் மட்டும். தீபாவளிக்கு முதல் பட்டாசுச் சத்தம் கேட்டதும் எழுந்து போய், கருவாட்டுத் தலையை எடுத்து வந்து என் வீட்டுக்காரர் இலையில் வைக்கிறேன்.