ஆறாவது கேள்வி

தையல் ஆலையின் காலர் பிரிவில் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கே ஒரு வழக்கு மட்டும் பத்தொன்பது வருடமாக முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எதிராளி வேறு யாருமில்லை, லாரி ஓட்டும் அவள் கணவன்தான்.

மகள் பிறந்த அன்று அவன் ஆறு மணி நேரத் தொலைவில் இருந்தான். வந்து சேர்ந்ததோ மூன்றாம் நாள். “வழியில ஆக்சில் உடைஞ்சிடுச்சு” என்றான். “பொண்ணுன்னு தெரிஞ்சிருக்கும், அதான் மெதுவா வராரு” என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொன்னது இவளுக்கு முள்ளாய்த் தைத்து உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டில் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த ஆக்சிலில் போய்த்தான் நிற்கும். அந்தக் கட்டில்காரி சொன்னதை மட்டும் அவள் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

கல்லூரி வானொலிக்காக மகள், அப்பா போகும் நெடுஞ்சாலையில் இருப்பவர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தது. கிளம்பும் நேரம் பார்த்துத் தேர்வுத் தேதி மாறிவிட்டது. ஆலையில் இயந்திரம் மாற்றுவதால் அம்மாவுக்கு ஒரு வாரம் விடுமுறை.

“நான் போறேன்டி!” என்று குதித்தாள் வக்கீலம்மா.

மகள் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தாள். போனில் எதை அமுக்கினால் பதிவாகும் என்று காட்டினாள். “ரெண்டே நாள்மா. புதன்கிழமை சாயங்காலம் வந்துடணும்” என்றாள். ஆறாவது கேள்வி வக்கீலம்மாவின் மனதுக்குள் இருந்தது.

லாரியில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கார்களெல்லாம் தீப்பெட்டி அளவுதான். ஹாரனை அவளே இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள். சுங்கச்சாவடிப் பெண், மூட்டை தூக்குபவர், பலகைக்குப் பெயின்ட் அடிப்பவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஐந்து கேள்வி ஐம்பதாயிற்று. கணவன் கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

கணவனைப் பல வருடமாகத் தெரிந்த பழைய ஆட்கள் திரும்பும் வழியில்தான் இருந்தார்கள். முதலில் பஞ்சர் கடைக்காரர். “உக்காருங்க அண்ணி” என்று ஒரு டயரைத் தட்டிப் போட்டார். ஐந்து கேள்வியும் முடிந்து, கணவன் வண்டிப் பக்கம் போனதும் அவள் மெல்ல ஆறாவதை எடுத்தாள்.

“எங்க பொண்ணு பொறந்தப்போ இவரு வண்டிக்கு ஆக்சில் உடைஞ்சுதா?”

“ஆக்சிலா? யாரு சொன்னா? டயர்ல ஒரு ஆணிகூட இல்ல. வந்து நின்னு, ‘பொண்ணு பொறந்திருக்கு’ன்னாரு. என்கிட்ட சொன்னதோட விட்டாரா? எதிர்க்கடை, பக்கத்துக்கடை, பஸ்ஸுக்கு நின்னவங்க, ஒருத்தர் பாக்கியில்ல. அந்தப் பகலே போச்சு. வழி முழுக்க இதே கூத்துதான்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.”

அவளுக்கு ரத்தம் கொதித்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. ஆனால் ஒரு சாட்சியை வைத்து எந்த வக்கீல் வழக்கை முடிப்பாள்?

அடுத்தது எடைமேடை. சரக்கோடு லாரியை ஏற்றி நிறுத்தி எடை போடும் இடம். கண்ணாடி அறையில் சீட்டு கொடுக்கும் அம்மா கேள்வியைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“பொண்ணு எடையைப் போட்டு ஒரு சீட்டு குடுங்கன்னாரும்மா! பொண்ணு எங்கய்யான்னேன். ஆஸ்பத்திரியிலன்னாரு. சரின்னு காலி மேடைக்கு அச்சடிச்சேன், சைபர்னு வந்துச்சு. ‘எம்பொண்ணு சைபரா?’ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டிருந்த எடையை அவரு சொல்ல, நானே கையால எழுதினேன். இங்க பாரம் கூடிப்போச்சுன்னு சீட்டு வேணாம்னு கெஞ்சுறவங்கதான் எல்லாரும். வேணும்னு கெஞ்சுன ஒரே ஆளு உங்க வீட்டுக்காரரு. அதான் ஒரு நகலை வச்சுக்கிட்டேன்.”

மேசைக் கண்ணாடிக்கு அடியில் மஞ்சளேறிய காகிதம். தேதியும் நேரமும் லாரி எண்ணும் அச்சில் இருந்தன. சரக்கு: பெண் குழந்தை. எடை: அச்சான சைபரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்கு மேல் கையெழுத்தில் 2 கிலோ 850 கிராம்.

அவள் அழுதுவிட்டாள். பத்தொன்பது வருட முள் ஒரே நொடியில் வெளியே வந்துவிட்டது. விறுவிறுவென்று லாரிக்குப் போனாள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க பொய் சொன்னீங்க?”

அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. “நீ அங்க தனியா வலியில கெடந்திருக்க. நான் ரோடு முழுக்கக் கதையடிச்சுக்கிட்டு வந்தேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? ஆக்சில்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்.”

“கூறுகெட்ட மனுஷா!” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. மகள்தான். “அம்மா, புதன்கிழமை வரேன்னு சொன்ன. இன்னிக்கு வியாழன்! அப்படி என்னதான் ஆச்சு?”

வக்கீலம்மா கணவனைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வழியில ஆக்சில் உடைஞ்சிடுச்சுடி” என்றாள்.