மஞ்சள் நெற்றிக்குருவி இல்லாமல் போன கதை

பதினெட்டு ஆண்டுகள் உலகத்தில் மஞ்சள் நெற்றிக்குருவி என்றொரு பறவை இனம் இருந்தது. அதைப் பிறப்பித்தவரும் ஒழித்தவரும் ஒரே பெண்மணி. அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுப் பொறுப்பாளர்.

பறவையைக் கொண்டுவந்தது அவர் கணவர், பஸ் டிரைவர். முன்கண்ணாடியில் மோதிச் செத்ததைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். பழுப்பு உடல், பளிச்சென்ற மஞ்சள் நெற்றி. எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனைவி அதன் தோலைப் பதப்படுத்திப் பாடம் செய்து, கணவர் பெயரையே இனத்தின் அறிவியல் பெயராக வைத்து அறிவித்தார். அன்றிலிருந்து டிப்போவில் அவர் 'குருவி' ஆகிவிட்டார். புதிதாகச் சேரும் கண்டக்டர்களுக்கெல்லாம் டீயோடு அந்தக் கதையும் கிடைக்கும்.

இரண்டாவது பறவை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

போன மாதம் அலுவலக ஜன்னலுக்கு வெளியே, ஒரு சாதாரணப் பழுப்புக் குருவி கொடிப்பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்தது. தலையை எடுத்தபோது நெற்றி மஞ்சள். ஜன்னலருகே இருந்த பொறுப்பாளர் நேராக மாதிரிப் பறவைகளின் அறைக்குப் போனார்.

பாடம் செய்யும்முன் பறவையைக் கழுவக் கூடாது, நிறம் போய்விடும் என்பது அந்தப் பிரிவின் விதி. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர். இப்போது அந்தப் பழைய பறவை இருந்த இழுப்பறையைத் திறந்து ஈரப் பஞ்சால் அதன் நெற்றியைத் தொட்டார். பஞ்சு மஞ்சளானது. நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் மகரந்தம்.

வேறு யாராவது என்றால் இழுப்பறையைச் சாத்திவிட்டு ஓய்வு பெறும் நாளுக்குக் காத்திருப்பார்கள். இவர் அன்று சாயங்காலமே போட்டு உடைத்தார்.

"ஏங்க, உங்க குருவி புது இனமே இல்லைங்க. தோட்டத்துல சுத்துற அதே குருவிதான். நெத்தியில மகரந்தம் ஒட்டியிருந்திருக்கு. நான் நிறம்னு நம்பிட்டேன்."

கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். "உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"தெரிஞ்சுபோச்சே."

"டிப்போவுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"கழுவின மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போண்ணே," என்றாள் வீட்டுக்கு வந்திருந்த அவர் தங்கை. "கழுவாததாலதான் இவ்வளவும். அண்ணி, கழுவாத குருவிக்கு அண்ணன் பேரு, பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க!"

கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மனைவி கெஞ்சவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, தான் கோட்டை விட்ட இடத்தை மழுப்பாமல் சொல்லி மறுப்புக் கட்டுரையை முடித்தார். ஞாயிற்றுக்கிழமை கணவர் அதை எடுத்துப் படித்தார்.

"டப்பாவுல கொண்டுவந்தது நான்னு எங்கயும் போடலியே?"

"நீங்கதானே மூஞ்சியக் காட்ட முடியாதுன்னீங்க."

"பெருமையில பாதி வாங்கிக்கிட்டேன். தப்புல பாதி வேணாம்னா எப்படி? போடு."

கட்டுரை பறவையியல் பத்திரிகையின் அடுத்த மாத இதழில் இருவர் பெயரிலும் வெளியாகிறது.