பார்டர் அண்ணன்

வலது கை மவுஸை ஒரு நூல் அளவு நகர்த்துகிறது. இடது கைச் சுட்டுவிரல் விசைப்பலகையில் ஒரே எழுத்தின் மேல் காவல் நிற்கிறது. திரையில் ஓர் இலை வளர்கிறது. நரம்பு ஓடி, நுனி மடங்கி, நிழல் விழுந்ததும் அவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். பிடிக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். படத்தில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வந்திருக்கிறது. இலையின் நிழலோ இடப்பக்கமே சாய்ந்துவிட்டது. "போட்டோவுக்கு ஒரு சூரியன், பார்டருக்கு ஒரு சூரியனா?" என்று தன்னையே அதட்டிக்கொள்கிறார்.

தெருவில் அவருக்குப் பெயர் பார்டர் அண்ணன். பிரிண்ட் கடையின் பின்பக்கத்தில், லேமினேஷன் இயந்திரத்தின் சூட்டுக்கும் ஈரச் சுவருக்கும் நடுவே அவர் மேசை. புகைப்படத்தைச் சுற்றிப் பூவும் கொடியுமாக ஓரம் கட்டித் தருவது வேலை. கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. பழைய அழைப்பிதழ்களின் ஓரங்களை உற்றுப் பார்த்துத் தானாகப் பழகியது. கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் பூக்களைத் தொடமாட்டார். ஒரு மூலைக் கொடியைத் திருப்பிப் போட்டு மற்ற மூன்றையும் ஒப்பேற்றுவதும் கிடையாது. "கண்ணு கண்டுபிடிச்சிடும். எது உறுத்துதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது, அவ்ளோதான்."

வருகிறவர்களில் பாதிப் பேர் பூவுக்காக வருவதில்லை. ஆளை மறைக்க வருகிறார்கள். பேச்சுவார்த்தை அறுந்த சித்தப்பா, விட்டுப்போன மருமகன் என்று குடும்பப் படத்தின் ஓரத்தில் நிற்கும் யார் மேலும் அவர் கொடி படரும். "சார், கொஞ்சம் குனிஞ்சுக்குங்க, பூ வருது" என்று திரையைப் பார்த்துச் சொல்வார். கடையே சிரிக்கும். ஆனால் கொடி ஓரத்தைத் தாண்டிப் படத்தின் நடுவே கால் வைக்காது. அது அவர் போட்ட சட்டம்.

அவர் மூன்று மாதம் சிறையில் இருந்ததும் ஓர் ஓரத்தால்தான். ஒன்பது வருடங்களுக்கு முன் அக்கா வீட்டுக்காரர் ஓர் ஆலையில் வாங்கிய வேலைச் சான்றிதழோடு வந்தார். "மாப்ள, ஒரே ஒரு வருஷம் மாத்திக் குடு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை." அஞ்சு நிமிஷத்தில் வருடம் மாறிவிட்டது. ஆனால் சான்றிதழைச் சுற்றியிருந்த கட்டம் கீழ்மூலையில் உடைந்திருந்தது, முத்திரையும் கோணல். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கோட்டைச் சேர்த்து, முத்திரையை நிமிர்த்திக் கொடுத்தார். அந்த ஆலை கொடுத்த சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் கட்டம் உடைந்திருக்க, இது ஒன்று மட்டும் ஒழுங்காக இருந்தது. விசாரணையில், "கடையில குடுத்தத வாங்கிட்டுப் போனேன், எனக்கென்ன தெரியும்?" என்றார் மாமா. வீட்டுக்குப் போய்விட்டார்.

போன வாரம் அக்கா வந்தாள். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள். வரவேற்பறைக்குப் பெரிய படம் வேண்டும். கையில் இருந்தது இறந்துபோன அம்மாவோடு பிள்ளைகள் எல்லோரும் நிற்கும் ஒரே படம். வலது கோடியில் அவர்.

"உன்ன யாருன்னு கேட்டா நான் என்னடா சொல்றது?"

"தம்பின்னு சொல்லேன்."

"என்ன பண்றாரும்பாங்க. நடுவுல மூணு மாசம் எங்க இருந்தாரும்பாங்க."

"அத மாமாவச் சொல்லச் சொல்லு. அவருக்கு நல்லாத் தெரியும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு பொண்ணு வாழ்க்கைடா. வெளியில குடுத்தா நாலு பேருக்குத் தெரியும். உன்கிட்டதானே வரமுடியும்?"

அவர் படத்தை ஸ்கேனரில் வைத்து மூடினார்.

முகத்தின் மேல் பூ மலர்ந்தது. தோளையும் சட்டையையும் இலைகள் மூடின. குனிஞ்சுக்குங்க என்று இந்த முறை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாதிரியைப் பார்க்க வந்த அக்கா விரலை நீட்டினாள். "இது யாரு கைன்னு கேப்பாங்களே?" அம்மாவின் தோளில் அவருடைய வலது கை மட்டும் மிச்சம் இருந்தது. கொடி அவ்வளவு தூரம் வரக் கூடாது. கையைத்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தார். கை போன பிறகும் சேலை அந்த இடத்தில் அழுந்தியே இருந்தது. அம்மாவின் மறுதோளைப் பார்த்து, கட்டம் கட்டமாகத் துணியை நெய்தார். விரல்கள் அழுத்திய மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவினார். எவரும் எப்போதும் அங்கே கை வைத்ததில்லை என்பதுபோல் தோள் மேலெழும்பி வர மூன்று நாள் ஆனது.

இன்று படத்தை வாங்க அக்கா வந்தபோது கூடவே சம்பந்தியம்மாளும் இறங்கிவிட்டார். அக்காவை வழியில் பார்த்துத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டார்களாம். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. சம்பந்தியம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா, என்ன நுணுக்கம்! யாரு வரஞ்சது?"

"இங்க வேலை செய்றவர்தான்" என்றாள் அக்கா, படத்தைப் பார்த்தபடியே.

அவர் எழுந்தார். பழுப்புக் காகிதம் சுற்றி, நான்கு மூலையிலும் அட்டை மடித்துச் செருகி, சணல் கட்டி, இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினார்.

"கனமா இருக்கும். அடியில கை குடுத்துப் பிடிங்க, மேடம்."