மஞ்சள் முகமூடியில் விழுந்த மண்

பெற்ற தாயின் கையாலேயே மண் எறி வாங்கிய மல்யுத்த வீரன் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைப் பெருமையாகச் சொல்கிறேனா என்று கேட்டால், இப்போது கொஞ்சம் பெருமைதான்.

மல்யுத்தம் என்றால் பதக்கம் கொடுக்கும் மல்யுத்தம் அல்ல. ஊரூராய்க் கொட்டகை போடும் காணிவேல் களியாட்டத்தில் காட்டும் மல்யுத்தம். அடிபட்ட இரண்டு பேரும் ஒரே வான் வண்டியில் ஏறிப்போய் ஒரே கடையில் கொத்துரொட்டி சாப்பிடும் மல்யுத்தம். யார் வெல்வது என்பது பின்னேரத் தேநீரோடு முடிவாகிவிடும். "அப்ப அது ஏமாத்துத்தானே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. ஆறடி ஆளைத் தலைக்கு மேலே தூக்கி, அவன் முதுகு நோகாமல் பலகையில் போட்டுக் காட்டட்டும். பிறகு கதைக்கலாம்.

நான் நல்லவன் பக்கம். சிவப்புச் சால்வை, சரிகை வைத்த காற்சட்டை, தலைப்பாகையில் மயிலிறகு. தவில் முழங்க ஆடிக்கொண்டு வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு ரொபி மிட்டாய் எறிந்துவிட்டுத்தான் மேடையில் ஏறுவேன். புத்தூரில் வெங்காயம் வைக்கிற வீட்டுப் பிள்ளை ஊரூராய்ப் பூச்சாண்டி காட்டித் திரிகிறான் என்று சொந்தக்காரர்கள் நக்கலடித்தார்கள். அப்பா காலமான பிறகு தோட்டத்தைத் தனியாகக் கொத்திய அம்மா மட்டும் நக்கலடிக்கவில்லை. "களவு எடுக்கேல்லைத்தானே. நேரத்துக்குச் சாப்பிடு, மோனை" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் அத்தனை மேடையும் ஏறினேன்.

உரும்பிராயில் காணிவேல் போட்டபோதுதான் அம்மா முதன்முதலாக என் சண்டையைப் பார்க்க வந்தார். நல்ல சேலை உடுத்து, முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் மயிலிறகைப் பார்க்க ஆசையோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காணிவேல் முதலாளி தலையில் கைவைத்தபடி வந்தார். மஞ்சள் முகமூடி போட்டுக் கெட்டவனாக வருபவருக்குக் கடும் காய்ச்சல். அன்றைய கூட்டமே அந்த முகமூடிக்காக வந்த கூட்டம். தோற்றால் முகமூடி கழற்றப்படும் என்று ஒலிபெருக்கியில் கத்திக் கத்திச் சேர்த்த சனம்.

"உன்ரை உடம்புதான் உதுக்கு அளவு. போடு" என்றார் முதலாளி.

"என்ரை அம்மா வந்திருக்கிறா, அண்ணை."

"நல்லதாப் போச்சு. கடைசியிலை உள்ளூர்க்காரன்ரை முகம் வெளியிலை வந்தால் சனம் துள்ளும். அவவும் துள்ளுவா."

எனக்கு எதிராளி குருநகர்ப் பொடியன் ஒருவன். கடற்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை, என் நெருங்கிய கூட்டாளி. பார்த்தால் ஊதினால் விழுந்துவிடுவான் போலிருப்பான். அவனை நான் வதைக்க வேண்டும், கடைசியில் அவன் வெல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முகமூடி ஏறியதும் எனக்குக் கெட்டவனாக இருப்பது பிடித்துப் போய்விட்டது. நடுவர் திரும்பிய நேரம் பார்த்துக் கழுத்தை நெரித்தேன். விழுந்து கிடந்தவனை மிதித்தேன். அவன் அடியில் கிடந்துகொண்டு, "அப்பிடித்தான் அண்ணை, இன்னும் கொஞ்சம் உறுமுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சனம் கொதித்தது. அந்த இரைச்சலுக்குள்ளே முன்வரிசையில் இருந்து எனக்குத் தெரிந்த குரல் ஒன்று கிளம்பியது.

"குறுக்கால போவானே! பச்சைப் பிள்ளையைப் போட்டு மிதிக்கிறியே! உன்ரை கால் முறிய! நீ மண்ணாப் போவாய்!"

எங்கள் பக்கத்தில் வாயால் திட்டுவது வேறு, மண் அள்ளி எறிந்து திட்டுவது வேறு. முன்னது அடுத்த நாளே மறந்துவிடும். மண் அள்ளி எறிந்தது பலிக்காமல் விடாது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களில் அம்மா முதல் ஆள். வெங்காயம் நட்டுப் பழகிய கை, குறி தப்பவில்லை. ஒரு பிடி செம்மண் என் மஞ்சள் முகமூடியில் வந்து அறைந்தது.

பேசி வைத்தபடியே நான் தோற்றேன். கூட்டாளி முகமூடியைக் கழற்றினான். முதலாளி சொன்னது போலவே சனம் துள்ளியது. அம்மா துள்ளவில்லை. எறிவதற்காக அள்ளிய இரண்டாவது பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், கூட்டம் கலைந்த இடத்தில் அம்மா முழந்தாளிட்டு மேடையைச் சுற்றி மண் பொறுக்கிக்கொண்டிருந்தார். எறிந்த மண்ணை எறிந்தவளே திருப்பி எடுத்துவிட்டால் சொன்ன சொல்லும் திரும்பிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. உரும்பிராய் மண் முழுக்கவே சிவப்பு. எது எறிந்த மண், எது கிடந்த மண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கோபம்தான் வந்தது. "எழும்புங்கோ அம்மா, சனம் பாக்குது" என்று கத்தினேன். என் கூட்டாளியோ தன் போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் குந்தி, "அம்மா, இதிலையும் கொஞ்சம் கிடக்கு" என்று காட்டிக் கொடுத்தான். அதற்காக அவனுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

அடுத்த மாதமே தெற்கே காலி நகரில் நடந்த ஒரு சண்டையில் கயிற்றில் இருந்து குதித்தபோது என் வலது முழங்கால் திரும்பிவிட்டது. அது முன்பே பழுதான கால். எப்போதோ போயிருக்க வேண்டியது, இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது என்று வைத்தியரே சொன்னார். அம்மா கேட்க வேண்டுமே!

"நான்தான் முறிச்சனான்" என்றார்.

என் மல்யுத்தம் முடிந்தது. நொண்டல் நிலைத்துவிட்டது. நான் முற்றத்தில் நடந்தால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் எனக்கு முன்னால் நடப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால் வந்தால் என் நடையைப் பார்க்க வேண்டி வருமே. கால் போனதை நான் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சில வருடங்கள் கழித்துக் கொக்குவிலில் படம் எடுக்கும் பொடியள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். அடுத்தவன் காணியைப் பிடிக்கும் ஒரு முரடன் வேடம். நடந்து காட்டச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன்.

"மறைக்காதேங்கோ அண்ணை. அந்த நடைக்காகத்தான் உங்களிட்டை வந்தனாங்கள்" என்றான் இயக்குநர்ப் பொடியன்.

அந்த நொண்டல் நடை எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ வேடங்களை வாங்கித் தந்துவிட்டது. இன்று சந்தையில் மீன் வாங்கப் போனால் பொடியள் என்னோடு நின்று போட்டோ எடுக்க மறிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு இதைச் சொன்னபோது வீடே இடிந்து விழுவது போலிருந்தது.

"திரும்பவும் கெட்டவனோ? இன்னும் எத்தினை சனத்தின்ரை வாயிலை விழப் போறாய்?"

"கெட்டவனைச் சனம் திட்டினால்தானம்மா எங்கடை கூட்டத்துக்குச் சோறு. நீங்களும் வந்து திட்டுங்கோவன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அம்மா, படம் யாழ்ப்பாணத்தில் ஓடிய முதல் நாள், அதே நல்ல சேலையை உடுத்துக்கொண்டு என்னோடு வரத் தயாராக வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தியேட்டரில் அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் குருநகர்க் கூட்டாளி. திரையில் முதலில் என் முகம் வரவில்லை. என் கால்தான் வந்தது. திரை அகலத்துக்கு அந்த வலது கால், புழுதியில் இழுபட்டு இழுபட்டு வந்தது. பின்வரிசையில் ஒருவர், "வாறான் பார், குறுக்கால போவான்!" என்றார். மண்டபமே ஊளையிட்டது. அம்மா எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. கண்ணை மூடவும் இல்லை. இத்தனை காலம் பார்க்காத காலை, அவ்வளவு பெரிதாக, கடைசி அடிவரை பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம் அல்ல, திரையில் போய்க்கொண்டிருந்தவனிடம், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"பாத்து நட, மோனை."

பின்வரிசை சிரித்தது. கூட்டாளி மூக்கை உறிஞ்சினான். எனக்கு மீதிப் படம் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

படம் முடிந்து பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழக்கம்போல அம்மாவுக்கு வழிவிட்டு நின்றேன்.

"நீ முன்னுக்குப் போ" என்றார்.

நான் நொண்டி நொண்டி முன்னால் நடந்தேன். அம்மா எனக்குப் பின்னால் வந்தார்.