விக்கம்மாவின் வெப்சைட்

அச்சகத்துக்கு மேலே, படி ஏறியதும் இடது பக்கம் இருக்கும் ஒற்றை அறைதான் விக்கம்மாவின் கடை. விக், அதாவது பொய்முடி, செய்கிறவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். ஒரு சுழல் நாற்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலோரம் மூன்று நான்கு மரத்தலைகள். மரத்தலையில் மெல்லிய வலைத் தொப்பியை மாட்டி, கொக்கி ஊசியால் முடி முடியாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். வகிட்டை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக விடுவாள். ஏன் என்று கேட்டால், "கடவுள் என்ன ஸ்கேல் வச்சா கோடு போட்டார்?" என்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு சனியன் உண்டு. தையல்காரர் நன்றாகத் தைத்தால் போட்டுக்கொண்டவர் நாலு பேரிடம் சொல்வார். விக்கம்மா நன்றாகச் செய்தால் போட்டுக்கொண்டவர் வாயே திறக்க மாட்டார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் யாரோ எவரோ என்று கடந்து போய்விடுவார். அவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். வகிட்டை மட்டும் ஓரக்கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள்.

இத்தனை காலம் கடை ஓடியது பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் புண்ணியத்தில். மருந்தில் முடி கொட்டியவர்களிடம் காதோடு காதாகச் சொல்லி அனுப்புவாள். அவள் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனதும் படியில் செருப்புச் சத்தம் நின்றுபோனது. விக்கம்மா உட்கார்ந்து ஈ ஓட்டினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர், "வருஷக் கடைசியில ரூமைக் காலி பண்ணிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வெப்சைட் போடுங்கக்கா" என்றார் கீழே அச்சகம் வைத்திருப்பவர்.

"ஒத்த ரூம் கடைக்கு வெப்சைட் ஒண்ணுதான் குறைச்சல்!"

வெப்சைட் பெரிய கம்பெனிக்காரர்களின் ஜம்பம் என்பது அவள் எண்ணம். அதனால் ஊரே கூடி அரட்டையடிக்கும் இலவசத் தளம் ஒன்றில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கினாள். பழைய வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி, ஆசையாய் அதற்கு ஒரு லைக் போட்டாள். அந்த லைக் அவள் சொந்தக்காரர்கள் எல்லார் போனிலும் போய் எட்டிப் பார்த்தது. மாமியார் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, "உனக்கு எதுக்கும்மா விக் கடை?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அந்தப் பெண் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுத அழுகையை விக்கம்மாவால் தாங்க முடியவில்லை. அவள் கண்முன்னாலேயே பக்கத்தை அழித்தாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

"நீங்க சொன்ன வெப்சைட்ல யாரு வந்தாங்க, போனாங்கன்னு ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அது உங்க சொந்த வீடு மாதிரி. லைக்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கேக்கறவங்க எழுதறது உங்களுக்கு மட்டும்தான் வரும்."

"அப்ப போடுங்க."

அவர் மளமளவென்று ஒன்றைச் செய்து காட்டினார். பக்கம் முழுக்க யாரோ அழகிகள் கூந்தலைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். விக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவளுங்களுக்குத்தான் முடி இருக்கே! இருக்கறவங்களக் காட்டி இல்லாதவங்கள எப்படிங்க கூப்பிடறது? முடியில்லாத ஒரு நிஜத் தலை வேணும். அதே தலை விக்கோட இருக்கணும். அப்பத்தான் நம்புவாங்க."

"யாருக்கா அப்படிப் படம் குடுப்பாங்க?"

யார் கொடுப்பார்கள்? ஒருத்தரிடமும் கேட்க அவளுக்கு வாய் வராது. கைவசம் இருந்த ஒரே தலை அவளுடையதுதான்.

ஆமாம். பிள்ளை பெற்ற பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டிப் போனது, பிறகு முளைக்கவே இல்லை. தனக்காகக் கற்றுக்கொண்ட வேலைதான் பிழைப்பானது. விஷயம் கணவருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும். அவர்களைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. முக்கியமாக நாத்தனாருக்குத் தெரியாது. கணவரின் அக்காவான அந்த மகராசி, "என் தம்பி பொண்டாட்டி முடி மாதிரி யாருக்கு வரும்!" என்று போகிற இடமெல்லாம் தண்டோரா போடுகிறவள். படம் வெளியே போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? இத்தனை வருஷம் குடும்பத்தையே ஏமாற்றியவள் என்ற பேரல்லவா மிஞ்சும்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"அக்கா கத்துவா" என்றார் அவர்.

"கத்துவாங்க."

"கத்தட்டும். உன் நிஜத் தலையைத் தினமும் பாக்கறவன் நான். எனக்கு அதுல ஒரு குறையும் தெரிஞ்சதில்ல."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனுஷன் இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். விக்கம்மா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவரே படம் எடுத்தார். ஒன்றில் வெறும் தலை, இன்னொன்றில் விக்கோடு. முதல் படத்தில் அவள் சிரிக்க முயன்று பாதியில் விட்டிருந்தாள். அதையே போடச் சொன்னாள். கீழே ஒரே வரி: "இதைச் செய்தவள் நான்தான், போட்டிருப்பவளும் நான்தான்."

வெப்சைட் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் இருவராக எழுத ஆரம்பித்தார்கள். படியில் மறுபடி செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனாரிடமிருந்து மட்டும் பேச்சில்லை. கணவர் போன் செய்தால் எடுக்கவில்லை. விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று விக்கம்மாவுக்குப் புரிந்தது. கடை பிழைத்த சந்தோஷத்தைக்கூட அவளால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் வெப்சைட் வழியாக இன்னொரு கடிதம் வந்தது. "என் மகளுக்கு வட்ட வட்டமாக முடி கொட்டிவிட்டது. ரூமை விட்டு வெளியே வருவதில்லை. கூட்டமில்லாத நேரம் அழைத்து வரலாமா?" பெயர் இல்லை. அடியில் இருந்த போன் நம்பர் நாத்தனாருடையது.

மகளுக்கு வெளியூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்றுதான் அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். விக்கம்மா மற்ற எல்லாருக்கும் எழுதுவதுபோலவே எழுதினாள்: "அழைத்து வாருங்கள். நாளைக் காலை வேறு யாரும் இருக்க மாட்டார்கள்."

வந்தார்கள். பெண் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனார் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் வேற யாரோவா?" என்றாள் விக்கம்மா.

"எப்படிடி சொல்வேன்?" என்றாள் நாத்தனார். "இவ தலையைப் பாத்துட்டு உன் தலையைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்டி. மகராணி மாதிரி முடிய வச்சுக்கிட்டு இருக்கறவகிட்டப் போய் எப்படிக் கேப்பேன்? அந்தப் படத்தைப் பாத்தப்புறம்தான் எழுதவே தைரியம் வந்துச்சு."

தன் வேலை அத்தனை சுத்தம் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் பெருமைப்பட்டது விக்கம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. விக்கைக் கழற்றி ஒரு மரத்தலையில் மாட்டினாள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

பெண் கண்ணாடியில் விக்கம்மாவின் தலையையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை" என்றாள். "ராத்திரியில உங்களுக்கும் தலை குளிருமா?"

"குளிரும்டி கண்ணு" என்றாள் விக்கம்மா. "ரொம்பக் குளிரும்."