ஊமைப்படத்தில் அவர் பேசியது

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஐந்து அறைகள். கணவர் முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். எட்டு மணி நேரமும் உட்கார விடமாட்டார்கள்.

பக்கத்து அறையில் இருந்த பெரியம்மா அதே தொழிற்சாலையின் கேன்டீனில் காய் நறுக்கினார். அறுபதைத் தாண்டியவர். இடது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய, இழுத்து இழுத்து நடப்பார். காலையில் இருவரும் சேர்ந்தே பஸ்ஸுக்குப் போவோம். அவர் ஊமைப்படக் காலத்தில் நடிகையாக இருந்தவர் என்பது லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. குழாயடியில் வாய்த்தகராறு வந்தால் மட்டும் யாராவது "பெரிய சினிமாக்காரி" என்பார்கள்.

அவராக அதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். பஸ் தாமதமான காலைகளில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எனக்குக் கதை கிடைத்தது. பாலக்காட்டை ஒட்டிய சித்தூர்ப் பக்கம் பிறந்தவர். தாய் தகப்பன் இல்லை. அக்காவோடும் அக்கா புருஷனோடும் மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போனார். வேலை நடந்த இடம் ஒரு சினிமாக் கம்பெனியின் வளாகம். கல் சுமந்துகொண்டிருந்த பெண்ணைப் படம் எடுப்பவர் பார்த்தார். நடிக்கப் பெண்கள் கிடைக்காத காலம். அக்கா புருஷன் சரியென்று சொல்லிவிட்டார். இவரை யாரும் கேட்கவில்லை. வயது பதினாறு.

ஏழெட்டுப் படங்களில் ராணியாகவும் ரிஷிபத்தினியாகவும் நடித்தார். கூரையில்லாத இடத்தில், வெயில் இருக்கும்வரை படம் பிடிப்பார்களாம். ஒரு படத்தில் மதிலிலிருந்து குதிக்கச் சொன்னார்கள்.

"கீழ வக்கப்புல்லு போட்டிருக்குதுன்னாங்க. போட்டுத்தான் இருந்தாங்க அம்மிணி, கொஞ்சமா" என்றார்.

இடுப்பு போனது அப்போதுதான். அது ஆறுவதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. பேசிக் காட்டச் சொன்னார்கள். இவர் வாயைத் திறந்ததும், "ஏனுங்க" என்று ஒரு ராணி பேசுவாளா என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். அதன்பிறகு பத்து வருஷம் கூட்டத்தில் நிற்கும் பெண்களில் ஒருத்தி. பிறகு ஒரு டென்ட் கொட்டகையில் படம் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அவரும் இறந்துபோனார்.

ஒரு கோடையில் பாலக்காட்டிலிருந்து கல்லூரி வாத்தியார் ஒருவர் எங்கள் லைன் வீட்டைத் தேடி வந்தார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். பழைய படங்களைத் திரட்டிப் போட்டுக் காட்டும் சங்கம் ஒன்றை நண்பர்களோடு நடத்திவந்தார். பெரியம்மா நடித்த ஒரு படத்தின் சின்னத் துண்டு கிடைத்திருக்கிறதாம். மீதியெல்லாம் எரிந்தோ உருகியோ போய்விட்டது.

"பத்து நிமிஷம்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் போடறோம். அம்மா அவசியம் வரணும்" என்றார்.

அவர் போனதும் பெரியம்மா படுத்துக்கொண்டார். "எதுக்குக் கண்ணு? உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல."

"நானும் வாறேனுங்க பெரீம்மா. போயிட்டு வந்தரலாம்" என்றேன். உண்மையில் எனக்கும் விருப்பமில்லை. வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. துணி துவைக்க வேண்டும், தூங்க வேண்டும். ஆனால் அவரைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்ப மனம் வரவில்லை.

அந்த ஹாலில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஜன்னல்களில் கம்பளி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. திரையில் கீறல்களுக்கு நடுவே ஒரு மணல்வெளி. கிரீடம் வைத்த ஆள் ஒருவன் நிற்கிறான். அவன் காலடியில் ஒரு பெண் விழுந்து, நிமிர்ந்து, கைகூப்பி அழுதபடி ஏதோ சொல்கிறாள். எவ்வளவு அழகு! அது பெரியம்மாதான் என்று பிடிபட எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அடுத்து எழுத்து வந்தது: "நாதா! தங்கள் பாதமே எனக்குச் சொர்க்கம்."

மறுபடி அந்த முகம். அப்போது என் காதருகே முணுமுணுப்புக் கேட்டது. திரையில் உதடு அசைய அசைய, பெரியம்மா கூடவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலு வேவுதுங்க... மணலு சுடுதுங்க... காத்தால இருந்து கஞ்சி கூடக் குடிக்கலீங்க... எப்பங்க விடுவீங்க..."

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. அந்தப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்ற அக்காகிட்டப் போவோணுங்க" என்று இவர் வாய் சொன்னது. ஒரு எழுத்து பிசகவில்லை. அத்தனை வருஷம் கழித்தும் அந்த உதடுகள் என்ன பேசின என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஹாலில் வேறு யாருக்கும் தெரியாது.

விளக்கைப் போட்டதும் கைதட்டினார்கள். ஒரு சால்வை போர்த்தினார்கள். வாத்தியார் மைக்கை அவரிடம் நீட்டினார்.

"அந்தக் காட்சியில என்ன பேசினேள்னு அம்மாவுக்கு ஓர்மை இருக்கோ?"

பெரியம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "ஒண்ணும் ஞாபகமில்லீங்க சாமி" என்றார்.

பஸ்ஸில் கூட்டமில்லை. சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க பெரீம்மா, அதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா என்ன ஆவும் கண்ணு? எல்லாருஞ் சிரிப்பாங்க. ராசாவுக்காக அழுவுறதா நெனச்சிட்டுப் பாத்தாங்கல்ல, நல்லா இருந்துச்சுன்னாங்கல்ல. இருக்கட்டும் உடு." கொஞ்ச தூரம் போனபின், "அப்பக் கேமராக்காரரு மட்டும் சிரிப்பாரு. அவருக்கு நான் பேசறது கேக்குமுல்ல. ஒருநாளும் கேமராவ நிறுத்தினதில்ல" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாளையாற்றுக் கணவாய்க் காற்று அனலாக அடித்தது. எனக்குத் தோள் வலித்தது, எழுப்பவில்லை.

மறுநாள் இருவரும் வழக்கம்போல் வேலைக்குப் போனோம். கேன்டீனில் சிலர் சால்வையைப் பற்றிக் கேலி செய்தார்கள். இரண்டு நாளில் அதுவும் ஓய்ந்தது.

அடுத்த மழைக்காலத்தில் குனிந்து காய் நறுக்க முடியாமல் போக, பெரியம்மா சித்தூரில் அக்கா மகள் வீட்டுக்கே போய்விட்டார். பஸ் ஏற்றிவிட்டது நான்தான். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் தூங்கிப்போவேன். அவர் இறந்த செய்தியை, அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் சொன்னாள்.

செய்தி கேள்விப்பட்டு வாத்தியாரும் வந்தார், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. நான் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"அம்மா உங்ககிட்டதான் நெருக்கமா இருந்தாள்னு இங்க எல்லாரும் சொன்னா. சினிமாவைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா?"

சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அடுப்பு பற்றவைக்க வேண்டியிருந்தது. "இல்லீங்க, ஒண்ணும் சொன்னதில்லீங்க" என்றேன். அவர் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.