மாஃபி முஷ்கில் என்று சொன்ன சாட்சி

ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிப் பத்து நாளாகிறது. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறி வருகிறவரிடம் "கஷ்டமா பாய்?" என்று கேட்டால், மூச்சு வாங்கியபடியே "மாஃபி முஷ்கில்" என்பார். பிரச்சினை இல்லை என்று பொருள். கையில் கட்டுப் போட்டவரும் அதையே சொல்வார், விசா முடியப்போகிறவரும் அதையே சொல்வார். வளைகுடாவுக்கு வருகிற எவரும் முதலில் கற்கும் அரபு இதுதான். பலர் அதற்கு மேல் கற்பதுமில்லை. பதினான்கு வருடங்களாக நானும் சொல்லி வருகிறேன். சொல்லவே கூடாத ஓரிடத்திலும் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன்.

நான் ஷார்ஜாவிலேயே ஒரு டைப்பிங் சென்டரில் வேலை செய்கிறேன். அரசாங்க அலுவலகங்களுக்கான விண்ணப்பங்களை மற்றவர்களுக்காகத் தட்டச்சு செய்து கொடுக்கும் கடை அது. விசா புதுப்பிக்க, விசா ரத்துச் செய்ய, மனைவியை அழைக்க, பிள்ளையைப் பதிய என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் படிவம் உண்டு. பயத்துக்கு மட்டும் கட்டம் கிடையாது. ஊருக்குத் திரும்பப் பயமாயிருக்கிறது என்று ஒருவர் வந்தால், அதை எங்கே தட்டுவதென்று எனக்குத் தெரியாது.

என் தம்பி தயாளன் இருக்கும் லண்டனில் அந்தக் கட்டம் உண்டு. அங்கே அவன் அகதி அந்தஸ்துக் கேட்டிருந்தான். ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடும் தோற்றால் இலங்கைக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். பயந்தவன் தானே வந்து பயமென்று சொன்னால் அங்கே போதாது. அவன் பயப்படுவதில் நியாயம் உண்டென்று நிபுணர் ஒருவர் எழுதித் தர வேண்டும். தம்பியின் வக்கீல் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரைப் பிடித்தார். அவருடைய அறிக்கையின் முதல் ஒன்பது பக்கங்கள் எங்கள் நாட்டைப் பற்றியவை அல்ல, அவரைப் பற்றியவை. யாழ்ப்பாணத்துக்கு நான்கு தடவை களப்பயணம் போயிருக்கிறாராம். நான் அங்கே இருபத்தாறு வருடம் இருந்தேன். ஆனால் அது களப்பயணத்தில் சேராது, வெறும் பிறந்து வளர்ந்ததில்தான் சேரும்.

குடும்பத்தில் ஊருக்குப் போய் வருகிற ஒருவரிடம் பேச வேண்டும் என்று பேராசிரியர் கேட்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்னறையில், பேப்பர் பெட்டிகளின் மேல் லப்டொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் "வணக்கம்" என்று தொடங்கி, மீதியை ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் சந்தியிலிருந்த இராணுவ முகாமை எந்த வருடம் பின்னுக்கு எடுத்தார்கள் என்பதையும் அவரே எனக்குச் சொன்னார். எனக்கு அது தெரியாது. அந்தச் சந்தியால் போவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

"லீவில் போகும்போது உங்களுக்கு ஏதும் சிரமம் உண்டா?"

"நோ ப்ராப்ளம், சேர்."

"அதிகாரிகள் வீட்டுக்கு வருவதுண்டா?"

"யெஸ் சேர். நோர்மல்."

பேராசிரியர் ஒருவரோடு ஒரு இடத்திலும் தடக்காமல் ஆங்கிலம் பேசிவிட்ட பெருமை எனக்கு. துபாய்ப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள் என்று விருந்துக்கும் அழைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தயாளன் போன் எடுத்தான். அறிக்கையின் வரைவை வக்கீல் அவனுக்குக் காட்டியிருக்கிறார்.

"அண்ணா, அந்த மனிசனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னனான். ஏன்?"

"சகோதரர் எந்தச் சிரமத்தையும் குறிப்பிடவில்லை, அதிகாரிகளின் வருகை வழமையானது என்றார். இப்பிடி எழுதி வைச்சிருக்கிறார். எல்லாம் நோர்மலெண்டால் நான் ஏன் இஞ்ச வந்தனான்? இது கோர்ட்டுக்குப் போனால் என்னை அனுப்பிப் போடுவாங்கள், அண்ணா."

எனக்குப் பேராசிரியர் மேல் கோபம் கோபமாக வந்தது. முகாம் எடுத்த வருடம் தெரிந்த மனிதருக்கு, நான் சொன்ன நோர்மலுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டத் தெரியவில்லையே! ஆனால் நான் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். நிபுணரின் கடமை கோர்ட்டுக்கு, கட்சிக்காரருக்கு அல்ல, கேட்டதை அவர் மறைக்க முடியாது என்று வக்கீலும் சொல்லியிருந்தாராம். பிழை அவருடையது இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் கடையின் மேனேஜர் காயல்பட்டினத்துக்காரர். நெய்னா காக்கா என்போம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, டை கட்டினவன் எவன் வந்து கேட்டாலும் நல்லா இருக்கோம்னு சொல்லியே நமக்குப் பழகிப் போச்சு. கேக்குறவன் கஃபீலா, வாத்தியாரான்னு இந்த வாய்க்கு என்ன தெரியும்?" கஃபீல் என்பவர் எங்கள் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி. அவரிடம் பிரச்சினை இருக்கிறது என்று சொன்னால், அடுத்த நாள் நாங்களே பிரச்சினையாகிவிடுவோம்.

வக்கீல் கேட்டுக்கொண்டதில், அதே பின்னறையில் இரண்டாம் தடவை பேராசிரியர் முன் உட்கார்ந்தேன். முதலில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். இந்தப் பழக்கத்தை அவருக்கு விளக்கினேன். மிகக் கவனமாகக் குறித்துக்கொண்டார். பிறகு, "இதைப் பற்றி யாராவது ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்களா?" என்றார்.

"எழுதேல்லை சேர். எல்லாரும் செய்துகொண்டு இருக்கிறம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு மற்றதைச் சொன்னேன். ஒவ்வொரு லீவிலும் நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வருவார்கள். தம்பி எங்கே என்பார்கள். என் பாஸ்போர்ட்டைப் படம் எடுப்பார்கள். அம்மா அவர்களுக்கும் பிளேன்ரீ போட்டுக் கொடுப்பார். பெட்டி பிரிப்பது, கோயிலுக்குப் போவது, இவர்கள் வருவது என்று எல்லாம் லீவின் சடங்குகளாகிவிட்டன. கடைசி லீவில், வங்கிக்குப் போகும் வழியில், என்னைக் கூட்டிக்கொண்டே போனார்கள். காலையிலிருந்து பொழுதுபடும் வரை ஒரு கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருத்தி வைத்தார்கள். போனைத் திறக்கச் சொல்லித் தம்பியின் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். இடையில் ஒருவன் பின்னால் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் என் கழுத்தில் கையை வைத்தான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, வங்கியில் சனம் கூட என்று அம்மாவிடம் சொன்னேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் முகத்துக்கு முன்னால் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இதற்கு மட்டும் ஆய்வு ஆதாரம் கேட்கவில்லை.

பெயரைப் போடலாமா என்றுதான் கேட்டார். பெயரில்லாத சாட்சிக்குக் கோர்ட்டில் மதிப்புக் குறைவாம். கையெழுத்துப் போட்டால் பிறகு ஊருக்குப் போவதை யோசித்துச் செய்யுங்கள் என்று வக்கீலும் எச்சரித்தார். ஊரை முழுக்க அறிந்த நிபுணருக்கு நான் கொடுத்த முதல் புதுத் தகவலுக்கு இப்படி ஒரு விலை. போட்டேன்.

நான் சொன்னதை வாசித்துவிட்டு அன்று தயாளன் எடுத்தான். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றான்.

"நீ அங்க தனிய இருக்கிறாய். சொல்லி என்ன செய்யிறது?"

"நானும் உங்களுக்கு எல்லாம் சொல்லேல்லை, அண்ணா."

மேன்முறையீட்டில் அவன் வென்றுவிட்டான். அறிக்கையில் நான் நாற்பத்தோராம் அடிக்குறிப்பு. அவனுக்குக் கிடைத்த பயணப் பத்திரத்தில், சொந்த நாட்டைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று போட்டிருக்கிறது. என் விசா முடிந்தால், சொந்த நாட்டைத் தவிர வேறெங்கும் நான் போக முடியாது.

இங்கே லீவுக்கு மூன்று மாதம் முன்பே பெட்டி கட்டத் தொடங்கிவிடுவோம். பால்மா, சவர்க்காரம், அம்மாவுக்குக் கம்பளி என்று நானும் நிரப்பி வைத்திருந்தேன். கயிறு கட்டி, நாலு பக்கமும் பெரிய எழுத்தில் என் பெயரையும் ஊரையும் எழுதியாயிற்று. போன வெள்ளிக்கிழமை அதைக் கார்கோ கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, நீங்க லீவு போகலையா? ஊர்ல ஏதும் பிரச்சினையா?"

"மாஃபி முஷ்கில்" என்றேன்.

இரண்டு பேர் பிடித்துத் தூக்கி அதை வண்டியில் ஏற்றினார்கள். நாலு பக்கமும் என் பெயர் எழுதிய பெட்டி, நான் இல்லாமல் ஊருக்குப் புறப்பட்டது.